மருத்துவரைக் காணப் புறப்படும் முன்

மட்டாஞ்சேரியின் கடைவீதிகளில் மிளகும் சுக்கும் மணக்கத் தொடங்கும் முன்பே சில வீடுகளில் விளக்கு ஏற்றப்பட்டுவிடும். தாய் குழந்தையை எழுப்பி, உடை மாற்றி, பாலூட்டி, பழைய சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் இட்டுக்கொண்டு புறப்படுகிறாள். தகப்பனார் அன்றைய கூலியை விட்டுவிட்டு உடன் வருகிறார். தோப்பும்படி வழியே பேருந்திலோ, காயலைக் கடந்து படகிலோ எர்ணாகுளம் சேர்ந்து, மருத்துவமனையில் சீட்டுப் பெற்று, வரிசையில் அமர்ந்து, முறை வருவதற்குள் நண்பகல் ஆகிவிடுகிறது. மருத்துவரின் எதிரே அமர்ந்திருப்பது சில நிமிடங்களே. அவர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லி, எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கிக்கொண்டு இருவரும் படகுத்துறைக்கு வருகிறார்கள். அங்கேதான் தாய்க்கு நினைவு வருகிறது. ஏழு மாதக் குழந்தை மூன்று வாரங்களாக, தூக்கம் கலையும் போதெல்லாம், தலையைக் குனிந்து குனிந்து எடுக்கிறது. அதைச் சொல்லவில்லை. மருத்துவரும் கேட்கவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அன்று. வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தையும், கை கால் வசப்படாத குழந்தையும், காது கேளாத குழந்தையும் உள்ள வீடுகளில் பலவாறாக நிகழ்வதே. குறை யாரிடம் என்று ஆராய்வதில் பயன் இல்லை. மருத்துவர் நோயை அறிந்தவர். ஆனால் இந்தக் குழந்தையை அவர் சில நிமிடங்களே காண்கிறார். பெற்றோர் நோயை அறியாதவர்கள். ஆனால் இந்தக் குழந்தையை இரவும் பகலும் காண்கிறார்கள். இவ்விரு அறிவும் ஒரு மேசையின் முன் சந்திக்கும் நேரமே மருத்துவ ஆலோசனை. வீட்டில் உள்ள அறிவு அந்த மேசை வரையில் சிதறாமல் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பெற்றோர் என்ன ஆயத்தம் செய்யலாம் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சாதாரணமாகப் பேசும் குழந்தை, "இங்கே வலிக்கிறது" என்று தானே காட்டிவிடும். நாம் கருதும் குழந்தைகளுள் பலருக்கு அது இயலாது. ஆகவே அவர்கள் சார்பில் சாட்சி கூற வேண்டியவர்கள் பெற்றோரே. நல்ல சாட்சி தன் கருத்தைச் சொல்லமாட்டான், கண்டதைச் சொல்வான், எப்போது, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று கூறுவான்.

இத்தகைய சாட்சியத்தின் மதிப்பை விளக்க, பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1841-ஆம் ஆண்டில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் ஆங்கில மருத்துவர் 'லான்செட்' என்ற மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய சொந்த மகனே நோயாளி. குழந்தை சில மாதத்தினனாக இருந்தபோது தலை முன்னே குனிவதும் நிமிர்வதுமாக இருந்தது. தகப்பனார் தம் அறிவுக்கு எட்டிய சிகிச்சைகள் யாவும் செய்தும் பயனில்லை. ஒரு தடவை தொடங்கினால் எத்தனை முறை குனிகிறான், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, ஒரு நாளில் எத்தனை தடவை வருகிறது என்பவற்றை மட்டும் அவர் ஒன்றுவிடாமல் எழுதி, பிற மருத்துவர்களின் உதவியை வேண்டினார். அவர் மகனுக்கு நலம் கிட்டவில்லை. ஆயினும் அக்கடிதத்திலிருந்தே உலகம் அந்நோயை அடையாளம் கண்டுகொண்டது. இன்று அதற்கு அவர் பெயரையே வைத்து வழங்குகிறார்கள். படகுத்துறையில் அந்தத் தாய்க்கு நினைவு வந்த குனிவும் இத்தகையதாக இருக்கக்கூடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரும் இவ்வலிப்பை வயிற்று நோவு என்றோ, திடுக்கிடுதல் என்றோ வீட்டார் எண்ணிவிடுவது வழக்கம். சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு நலம். எனவே மறந்துபோன ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு விலை என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மட்டாஞ்சேரியில் இன்னொரு சங்கடமும் உண்டு, அது மொழி. சிறிய இடம், பேசும் மொழிகளோ பல. மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தமிழும் ஒரே தெருவில் கேட்கும். தமிழ்க் குடும்பங்களிலும் பல வகையினர் உண்டு. போர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள தோபி கானாவில் தொழில் செய்யும் சலவைக் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. நேற்று வேலை தேடி வந்தவர்களும் உண்டு. தலைமுறைகளாக வாழ்பவர்கள் மலையாளத்தை நன்றாகவே பேசுவார்கள். ஆயினும் அச்சம் மிகும் வேளையில் எவர் வாயிலும் வீட்டுச் சொல்லே முந்திக்கொண்டு வருகிறது.

தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவினை உடையவை என்பதே இங்கு ஆபத்தாகிறது. முற்றிலும் அந்நியமான சொல்லாயின், கேட்பவர் மறுபடியும் விசாரிப்பார். தெரிந்த சொல் போல் ஒலித்தால் விசாரிக்கமாட்டார். நமக்குப் 'பனி' என்பது மார்கழியில் பெய்வது. மலையாளத்தில் அது காய்ச்சல். 'வலிவு' என்றால் நமக்கு உடல் உறுதி; மலையாளத்தில் மூச்சிரைப்பு. 'வலிப்பு' என்று தாய் சொல்வது, பரபரப்பான அறையில் மூச்சிரைப்பாகக் காதில் விழலாம். தமிழிலேயே 'இழுப்பு' என்பதைச் சிலர் மூச்சிழுப்புக்கும், சிலர் கை கால் இழுத்துக்கொள்வதற்கும் வழங்குகிறோம். ஆகவே நோயின் பெயரைச் சொல்லாமல், கண்ட காட்சியைச் சொல்வதே பாதுகாப்பு. "வலிப்பு வந்தது" என்பதைவிட, "இடது கை மட்டும் துடித்தது, கண்கள் ஒரு பக்கம் திரும்பி நின்றன, கூப்பிட்டால் கேட்கவில்லை, இரண்டு நிமிடம் இருந்தது, பிறகு ஒரு மணி நேரம் உறங்கினான்" என்பதை எந்த மொழிக்காரரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது.

இன்று பெரும்பாலான வீடுகளில் படம் பிடிக்கும் கைபேசி இருக்கிறது. வீட்டில் வந்துவிட்டு மருத்துவமனையில் வராத எந்த நிகழ்ச்சிக்கும் ஒரு நிமிடப் படம் சிறந்த சாட்சி. ஆனால் முதலில் குழந்தையின் பாதுகாப்பு, பிறகே படம். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது, நீரும் புகட்டக்கூடாது. கையில் சாவியையும் இரும்பையும் கொடுப்பதால் பயனில்லை. கை கால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், முன் குறித்த நாளுக்குக் காத்திராமல் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். உடன் இன்னொருவர் இருந்தால் அவர் படம் எடுக்கலாம்.

இனி, ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிக் கூறுவோம். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டுப் புத்தகமே போதும். முதற் பக்கத்தில், மாறாத செய்திகளை எழுத வேண்டும். குழந்தை எத்தனை மாதத்தில் பிறந்தது, பிறந்தபோது எடை எவ்வளவு, உடனே அழுததா, மஞ்சள் காமாலை கண்டதா, தனி வார்டில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள், பெற்றோர் உறவு முறையில் மணந்தவர்களா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இத்தகைய நிலை உண்டா என்பன அவை. உறவு மணம் பற்றிய கேள்வி குற்றம் சாட்டுவது அன்று. சில பரம்பரை நோய்களைத் தேட அது வழி காட்டுகிறது. ஒவ்வொரு புதிய மருத்துவரும் இவற்றையே முதலில் கேட்பார். எழுதி வைத்தால் விலைமதிப்புள்ள நிமிடங்கள் மிஞ்சும்.

இரண்டாம் பக்கம் வளர்ச்சிக்கு உரியது. முகம் பார்த்துச் சிரித்தது, தலை நின்றது, குப்புற விழுந்தது, பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியது, துணையின்றி நடந்தது, இரண்டு சொல் சொன்னது ஆகியவை எத்தனையாம் மாதத்தில் நிகழ்ந்தன என்று குறிக்க வேண்டும். இத்தகைய படிகள் பதினேழைத் தேர்ந்தெடுத்து, திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் அட்டவணை அமைத்தார்கள். 1991-இல் வெளியான அது இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. அதைப் பயன்படுத்தும் முறை எளிது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைப்பார்கள். பென்சிலுக்கு இடப்புறம் முழுவதுமாக அமைந்த ஏதேனும் ஒரு படியைக் குழந்தை இன்னும் எட்டவில்லையாயின், வளர்ச்சி தாமதம் என்று கருதி மேற்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பெற்றோர் குறித்து வைத்த தேதிகள் இங்கே நேராகப் பயன்படுகின்றன. "எல்லாம் கொஞ்சம் தாமதம்தான்" என்ற பதிலால் பென்சிலை எங்கும் வைக்க முடியாது.

ஒரு செய்தியை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சொல்ல வேண்டும். முன்பு செய்துகொண்டிருந்ததைக் குழந்தை இப்போது செய்யவில்லை என்றால், அதுவே முதல் வாக்கியமாக இருக்கட்டும். பேசிய சொற்கள் நின்றுவிட்டன, உட்கார்ந்தவன் இப்போது சாய்ந்து விழுகிறான் என்பன தாமதத்தினும் வேறானவை. மூளை முடக்குவாதத்தில் மூளைக்கு நேர்ந்த பாதிப்பு தானாகப் பெருகுவது இல்லை. எனவே பெற்ற திறன் குறைந்துகொண்டே வந்தால், மருத்துவர் வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாம் பக்கம் மருந்துகளுக்கு. சீட்டை மட்டும் கொண்டு செல்லாமல், மருந்துக் குப்பிகளையும் அட்டைகளையும் அப்படியே பையில் இட்டுக்கொண்டு போவது நலம். பாகு மருந்தாயின் 5 மில்லி லிட்டரில் எத்தனை மில்லிகிராம் மருந்து என்று குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும். ஒரே பெயருள்ள மருந்து, ஒரு குப்பியில் ஓர் அளவிலும் வேறு குப்பியில் இரட்டை அளவிலும் இருக்கலாம். "ஒரு கரண்டி கொடுக்கிறோம்" என்றால் அக்கரண்டி எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும்? அளவு குறித்த மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்தி, இத்தனை மில்லி லிட்டர் என்று சொல்வதே சரியானது. குழந்தைகளுக்கு மருந்தின் அளவு பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. ஆகையால் அண்மையில் எடுத்த எடையையும் குறிக்க வேண்டும். நாட்டு மருந்து, எண்ணெய், கஷாயம், வேறு வைத்தியரின் மாத்திரை யாவற்றையும் வெட்கமின்றிக் கூறிவிட வேண்டும். தவறிய வேளைகளையும் மறைக்கலாகாது. மருந்து தவறியதை அறியாத மருத்துவர், மருந்து போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிவிடுவார். வலிப்பு மருந்தைத் தாமாகத் திடீரென்று நிறுத்துவது பேராபத்து என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

உணவும் உறக்கமும் சிறிய விஷயங்கள் என்று எண்ணிப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். ஒரு வேளை உணவு ஊட்ட அரை மணிக்கு மேல் ஆகிறதா, விழுங்கும்போது இருமுகிறதா, உண்டபின் குரல் சளசளவென்று மாறுகிறதா, அடிக்கடி நெஞ்சில் சளி கட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். இவை உணவு மூச்சுக்குழலில் இறங்குவதற்கு அடையாளமாக இருக்கலாம். பேச இயலாத குழந்தை திடீரென்று அழுதாலும், தன் கையைக் கடித்துக்கொண்டாலும், தலையில் அடித்துக்கொண்டாலும் அதைப் பிடிவாதம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. சொத்தைப் பல், காதுச் சீழ், மலச்சிக்கல் ஆகியவற்றின் வலி அவ்வாறு வெளிப்படுவது உண்டு. எந்த நேரத்தில், எதற்குப் பின் நிகழ்கிறது என்று ஒரு வாரம் குறித்து வந்தால் காரணம் புலப்படக்கூடும்.

நோட்டுப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் கேள்விகளை எழுதலாம். மூன்று போதும். பத்துக் கேள்வி எழுதினால் முக்கியமானது இறுதியில் தங்கிவிடும். கேள்விகள் குழந்தையின் நிலைக்கு ஏற்ப வேறுபடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு உண்டு. தைராய்டு, காது, கண் ஆகியவற்றையும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். எனவே, "இவற்றுள் எது இன்னும் பார்க்கப்படவில்லை?" என்று கேட்கலாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவக்கூடும். வலி தோன்றும் முன்பே எக்ஸ்-ரே அதைக் காட்டிவிடும். "இடுப்புக்கு எப்போது படம் எடுக்க வேண்டும்?" என்பது நல்ல கேள்வி. பேச்சு வரவில்லை என்றால், வேறு எதையும் முடிவு செய்யும் முன், "காது கேட்கும் திறனைச் சோதித்தாயிற்றா?" என்று கேட்க வேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவி என்பதே செவிக் குறைக்கு உலகெங்கும் வகுத்துள்ள கால அளவு. தடுப்பூசி அட்டையையும் காட்டி, விடுபட்டவை உண்டா என்று கேட்பது நன்று. குறை உள்ள குழந்தை என்பதற்காக வீட்டார் தாமே ஊசியை ஒத்திவைப்பது சரியன்று.

பரிசோதனைக்குச் செல்லும் நாளுக்குத் தனி ஆயத்தம் தேவை. மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி. சோதனைக்குத் தலையில் எண்ணெய் இருக்கலாகாது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் கம்பிகள் சரியாகப் பதியமாட்டா. நம் தாய்மாரோ, வெளியே போகும் குழந்தைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடுவதைக் கடமையாகக் கொண்டவர்கள்! முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவாமல் அழைத்துச் செல்ல வேண்டும். குழந்தை உறங்க வேண்டுமா, முந்தின இரவு விழித்திருக்க வேண்டுமா, மயக்க மருந்து கொடுப்பார்களா, அப்படியாயின் எத்தனை மணி முதல் பாலும் நீரும் நிறுத்த வேண்டும், காலை மருந்தைக் கொடுக்கலாமா என்பவற்றைத் தேதி வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கேளாமல் பாலூட்டிச் சென்றதால் சோதனை ஒத்திவைக்கப்பட்டால் இன்னொரு நாள் கூலியும் இன்னொரு பயணமும் வீணாகும்.

குழந்தையையும் ஆயத்தப்படுத்த வேண்டும். "கடைக்குப் போகிறோம்" என்று பொய் சொல்லி அழைத்துச் சென்றால், அடுத்த முறை கடைக்கும் வரமாட்டான். எங்கே போகிறோம், யார் தொடுவார், எங்கே தொடுவார், பிறகு வீட்டுக்கு வந்துவிடுவோம் என்று எளிய சொற்களில் முந்தின நாளே கூறலாம். பேச்சைவிடப் படம் புரியும் குழந்தைக்கு நான்கு படங்களை வரிசையாகக் காட்டலாம். ஸ்டெதாஸ்கோப் வைப்பதைப் பொம்மையின் மேல் விளையாட்டாகச் செய்து பழக்கலாம். பழகிய துணி, பிடித்த பொம்மை, மாற்று உடை, ஊட்டும் உணவு, குடிநீர், அடுத்த வேளை மருந்து யாவும் பையில் இருக்கட்டும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கூட்டமும் கூச்சலும் பொறுக்கமுடியாத வேதனை. இரண்டு மணி நேரம் காத்திருந்தபின் அதன் இயல்பான நிலையை மருத்துவர் காண முடியாது. இங்கே சட்டம் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைகளைக் குறிப்பிடுகிறது. அதன் 25-ஆம் பிரிவு, இவர்களைப் பார்ப்பதிலும் சிகிச்சை அளிப்பதிலும் முன்னுரிமை தர வேண்டும் என்றும், அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் தடையின்றி உள்ளே செல்ல வழி இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே சீட்டு வாங்கும் இடத்திலேயே குழந்தையின் நிலையைப் பணிவுடன் எடுத்துச் சொல்லி முன்னதாகப் பார்க்கக் கேட்பது சலுகை வேண்டுவது அன்று, உரிமையை நினைவூட்டுவதே. போக்குவரத்திலும் இப்போது ஒரு வசதி உண்டு. 2023-இல் தொடங்கிய கொச்சி நீர்வழி மெட்ரோ 2025-இல் மட்டாஞ்சேரிக்கும் வந்தது. அதன் மிதக்கும் மேடை படகின் தளத்தோடு ஒரே மட்டத்தில் நிற்பதால், சக்கர நாற்காலியைத் தூக்காமல் உருட்டியே ஏற்றலாம்.

மருத்துவரின் அறையில் தாய், தகப்பனார், பாட்டி மூவரும் ஒரே சமயத்தில் பேசினால் ஒன்றும் தெளிவாகாது. ஒருவர் பேச, மற்றொருவர் எழுதட்டும். குழந்தையோடு அதிக நேரம் இருப்பவரே பேசுவது பொருத்தம். மலையாளம் போதாதவர்கள் அண்டை வீட்டாரையோ ஆஷா பணியாளரையோ துணைக்கு அழைக்கலாம். குழந்தையின் அக்காளையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைப்பது நல்லதன்று. பிஞ்சு மனம் தாங்கமுடியாத செய்திகளை அவர்கள் முதலில் கேட்க நேரும். புரியாததைப் புரிந்ததுபோல் தலையசைத்துவிட்டு வருவதே பெருந்தவறு. "டாக்டர், நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள்" என்று மருந்தின் அளவையும் வேளையையும் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளலாம். எது நேர்ந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டே எழ வேண்டும். குழந்தை எதிரில் இருக்கும்போது, "இதற்கு ஒன்றும் புரியாது" என்று சொல்லவே வேண்டாம். பேசாத குழந்தை கேளாத குழந்தை ஆகிவிடாது.

எங்கே தொடங்குவது என்று அறியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. மட்டாஞ்சேரியிலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை உண்டு. முதலில் அங்கே காட்டலாம். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை, பிறவிக் கோளாறுகளும் வளர்ச்சித் தாமதங்களும் கண்டறியப்பட்டு, மாவட்டத்தின் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகின்றன. எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் அம்மையம் இருக்கிறது. இரிஞ்ஞாலக்குடாவை அடுத்த கல்லேற்றுங்கரையில் உடலியக்க மறுவாழ்வுக்கான நிறுவனமும், திருவனந்தபுரத்தில் பேச்சுக்கும் செவிக்குமான நிறுவனமும் உள்ளன. சந்தேகங்களுக்குக் கேரள அரசின் 'திஷா' தொலைபேசி எண் 1056. மாற்றுத்திறன் சான்றும் தனி அடையாள அட்டையும் பெற்றுவிட்டால் ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து நிரூபிக்கும் தொல்லை குறையும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பலவகைக் குறைகள் ஆகியவற்றை உடையவர்களுக்கு 'நிராமயா' என்னும் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. செலவு செய்த பின்னரே அப்பணம் திரும்பக் கிடைப்பதால், ஒவ்வொரு ரசீதையும் தேதி வரிசையில் அடுக்கி வைக்க வேண்டும்.

வீடு திரும்பிய அன்றே, களைப்பாக இருந்தாலும், நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி எழுதிவிட வேண்டும். இன்று யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், எந்த மருந்து மாறியது, அடுத்து எப்போது. மறுநாள் அது பாதி மறந்துபோகும். பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தால் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் தெரிவிக்க வேண்டும். மேலும் ஒன்று. தாய் தன் உறக்கத்தையும் உடல்நலத்தையும் மருத்துவரிடம் கூறத் தயங்குகிறாள். "இரவில் இரண்டு மணி நேரமே உறங்குகிறேன்" என்பதும் குழந்தையின் சிகிச்சையைச் சார்ந்த செய்தியே. அவள் சோர்ந்தால் மருந்து வேளை தவறும், பயிற்சி நிற்கும்.

இத்தனை ஆயத்தமும் நோயைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. சில நிலைகள் வாழ்நாள் முழுதும் தொடர்பவை. ஆனால் தீர்க்கக்கூடியதைக் காலத்தில் கண்டுகொள்ளவும், தீராததை வலியின்றித் தாங்கச் செய்யவும் ஒரு நோட்டுப் புத்தகம் உதவும். படகுத்துறையில் நின்ற அந்தத் தாயிடம் நாம் சொல்லக்கூடியது இதுவே: அடுத்த மாதத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். குழந்தை விழிக்கும் நேரத்தில் கைபேசியில் ஒரு நிமிடம் படம் எடுங்கள். "மூன்று வாரமாக இருக்கிறது, நாளுக்கு இத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் இத்தனை குனிவு, பிறகு அழுகிறான்" என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாளையே அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், அமர்ந்தவுடன், வேறு எதையும் பேசும் முன், அந்தத் தாளை மருத்துவரின் முன் வையுங்கள்.